மேல் கீல்

நைனார்பாளையத்தில் சின்னக்கண்ணுவின் வீட்டுக் கோடி அறைக் கதவு ஒழுங்காகத் திறந்து மூடி இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. வெயில் நாளில் தரையை உரசிக்கொண்டு கர்ரென்று சத்தம் போட்டாவது வரும். ஈரம் ஏறிவிட்டால் பாதியில் நின்றுகொள்ளும். வெளியே இருக்கிறவர்கள் அடியில் ஓர் உதை விட்டு முழங்கையால் தள்ள வேண்டும். உள்ளே இருக்கிறவர் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். சின்னக்கண்ணு எழுபதைத் தாண்டியவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அந்த அறையே அவருக்கு எல்லாம். தூக்கி இழுக்கிற தெம்பு இல்லாததால் அவர் கதவைத் தட்டுவார். மருமகள் கண்ணகி போய் உதைத்துத் திறந்துவிடுவாள்.

சாத்தாமல் இருக்கலாம்தான். ஆனால் அறை வாசல் நேராகக் களத்தைப் பார்த்தது. கதவைத் திறந்து போட்டால் கோழிகள் உள்ளே போய்க் கட்டில்மேல் ஏறி அசிங்கம் பண்ணும். மழை வந்தால் சாரல். கோழி வளர்ப்பது கண்ணகிதான் என்பதால் அவளே வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போவதும் உண்டு.

"கண்ணகி, கதவு மாட்டிக்கினுச்சிம்மா."

"தோ வரன் மாமா."

ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இந்தப் பேச்சு நடக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் அவள் வாய் தானாக "தோ வரன்" என்று சொல்லிவிடும். கை வேலை முடிந்தபிறகு கால் அங்கே போகும்.

அவள் புருஷன் அறிவுச்செல்வன் குட்டியானை வண்டி வைத்திருந்தான். கல்ராயன் மலையில் கரியாலூர் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிவந்து கீழே ஜவ்வரிசி மில்லில் இறக்குவது அவன் தொழில். ஒரே மகளை ஆத்தூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் மூன்று பேர்தான். கதவைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் அவன், "ஞாயித்துக்கெழம ஆள இட்டாறன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை கிழங்கு லோடு வந்துவிடும், இல்லாவிட்டால் சொந்தத்தில் காதுகுத்து வந்துவிடும்.

அந்த ஐப்பசி நாளில் அவன் விடிகாலையிலேயே மலைக்குப் போய்விட்டான். களம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. மிஷினில் அடித்து ரெண்டு நாள் வெயில் கண்டது. இன்னும் ஒரு வெயில் பட்டால் மூட்டை கட்டிவிடலாம். மத்தியானம் மாமனாருக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்து பார்த்தால் மலைப்பக்கம் மேகம் கருகருவென்று கட்டி நிற்கிறது. ஈரக்காற்று வந்து முகத்தில் அடித்தது.

கண்ணகி ஓடிப்போய்ப் பலகையை எடுத்துச் சோளத்தைக் கூட்ட ஆரம்பித்தாள். தனி ஆள். படுதாவை ஒரு பக்கம் விரித்தால் காற்று மறுபக்கம் தூக்கிக் கொடுத்தது. அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"தோ வரன் மாமா."

மறுபடி தட்டினார். என்னவோ சொல்லவும் செய்தார். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி குரல் கொழகொழவென்று இருந்தது. வெற்றிலைதான் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். படுதாவின் மூலையில் கல்லைத் தூக்கி வைத்தாள். மறுபடியும் தட்டு. அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இன்னா மாமா, எத்தினி வாட்டி தட்டுவீங்க. சோளம் நனையப்போவுது, நான் ஒண்டி ஆளா மாரடிச்சிக்கினு இருக்கன். செத்த இருங்க, தோ வரன்."

முதல் தூறல் அவள் முதுகில் விழுந்தபோது தட்டுவது நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது. மழை கொட்டத் தொடங்கியபோது சோளம் ஒரு மணிகூட நனையாமல் படுதாவுக்குள் இருந்தது. அவள் தொப்பலாக நனைந்து மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கினாள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. சுவரோரமாகவே ஓடி வீட்டுக்குள் போய்ப் புடவை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டு பாயில் சாய்ந்தாள். கோடி அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சோறு தின்ற அசதியில் தூங்குகிறார் போலிருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். ஓட்டின்மேல் மழைச் சத்தம் ஒரே சீராக இருந்தது. கண் அசந்துவிட்டது.

எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவை உதைத்தாள். அசையவில்லை. முழங்கையால் தள்ளினாள். ஏதோ கனமான சாமானை உள்ளே முட்டுக் கொடுத்து வைத்த மாதிரி இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. டம்ளரைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அய்யனாரைக் கத்திக் கூப்பிட்டாள். அவர் கடப்பாரையோடு வந்தார். கதவின் கீழ்ப்பலகையைப் பிளந்து கையை விட்டபோது அவர் கைக்குச் சின்னக்கண்ணுவின் தோள் அகப்பட்டது. கதவோடு ஒட்டி விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. உயிர் இருந்தது.

"எப்பலேர்ந்து இப்டிக் கெடக்கறாரு?" என்று அய்யனார் கேட்டார்.

"தெரிலியேண்ணா. நான் கொல்லிலேர்ந்து இப்பத்தான் வந்தன்."

காட்டுக் கொல்லைக்குப் போயிருந்ததாகச் சொன்ன அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் கேட்டார். மலையிலிருந்து லோடை இறக்காமலே ஓடிவந்த அறிவுச்செல்வன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் கொல்லிக்குப் போயிருந்தன் சார். வூட்ல யாரும் இல்ல."

பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது என்றார் டாக்டர். ஆன கையோடு கொண்டுவந்திருந்தால் ஊசி ஒன்று போட்டுப் பார்த்திருக்கலாம், இப்போது நேரம் கடந்துவிட்டது என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நாளெல்லாம் பலபேரிடம் சொல்கிற விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"அப்ப சோளத்த யாரு மூடுனது?" என்று வராண்டாவில் அறிவுச்செல்வன் கேட்டான். சந்தேகத்தில் இல்லை, எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டான்.

"மப்பப் பாத்துட்டு அப்பவே மூடிட்டுத்தான் போனன்."

ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக் கொடுத்தாயிற்று.

பழியெல்லாம் கதவின்மேல் போய் விழுந்தது. கதவிலிருந்து அறிவுச்செல்வன் மேல். அவனுடைய அக்கா செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் இட்லி கொண்டுவருவாள். கொண்டுவந்த தூக்கை வைக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"ஊருக்கெல்லாம் லோடு அடிக்கிற. பெத்த அப்பன் அறைக்கு ஒரு கதவு பாக்க நேரமில்ல ஒனக்கு. எலிய வச்சி அடைச்சாப்ல அடைச்சி வச்சிட்டியேடா."

"தப்புதான்க்கா."

"வெளிய வர முடிஞ்சிருந்தா தெருவுல போறவனாவது பாத்திருப்பானே."

"தப்புதான்க்கா, நாந்தான்."

பக்கத்தில் கண்ணகி மாமனாரின் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருப்பாள். செந்தமிழ்ச்செல்வி அவளைப் பார்க்கும்போது மட்டும் குரல் இறங்கும். "நீ இன்னா பண்ணுவ பாவம். கொல்லி வேலயும் நீ, வூட்டு வேலயும் நீ." அதைக் கேட்கிறபோது கண்ணகி நீவுவதை நிறுத்திவிடுவாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். நர்ஸ் யாராவது வருவார்கள். வந்தவர்கள் போனபிறகு அந்தத் துணிவும் போயிருக்கும்.

பேச்சு திரும்பியபோது சின்னக்கண்ணுவுக்கு வந்தது ஒரே ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். ஒண்ணுக்கு முட்டினாலும் அதுதான். வலித்தாலும் அதுதான்.

"தோ வரன். தோ வரன்."

நர்ஸ் சிரித்துக்கொண்டு, "எங்க தாத்தா வர்றீங்க?" என்று கேட்டாள். இந்த மாதிரி ஆனவர்களுக்குச் சில பேருக்கு ஏதாவது ஒரு சொல் நாக்கில் மாட்டிக்கொள்ளும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும், அதற்கு அர்த்தம் பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். அறிவுச்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா வந்து கூப்புடுறாப்ல இருக்குது அவருக்கு" என்றான்.

கண்ணகி எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாளி நிறைந்து வழிகிறவரை நின்றாள். அவருக்கு எது காதில் விழுந்த கடைசி வார்த்தை என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். கோடி அறைக் கதவு பிளந்த பலகையோடு அப்படியே சாய்ந்து நின்றது. அறிவுச்செல்வன் வண்டி எடுப்பதைக் குறைத்துவிட்டான். சோறு போட்டால் பாதியில் கையைக் கழுவுவான். மலையிலிருந்து அப்பாவுக்குக் கஞ்சிக்கென்று சாமை வாங்கிவந்தான். மற்றபடி எங்கேயும் போவதில்லை. அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். களத்துச் சோளம் மூட்டையாகி அவன் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. வருகிறவர்களெல்லாம் ஒரு மணி கெடாமல் காப்பாற்றினாயே என்று கண்ணகியை மெச்சிவிட்டுப் போனார்கள்.

ஒரு வழியாகச் சின்னசேலத்திலிருந்து கதவு வேலைக்கு ஆள் வந்தான். பிரவீன்குமார் என்று பெயர். முப்பது வயது இருக்கும். காதில் போனை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே பைக்கிலிருந்து டிரில் மிஷினையும் ரசமட்டத்தையும் எடுத்தான்.

"இது இன்னாண்ணா, யானை புகுந்தாப்ல இருக்குது?"

"ஆபத்துக்கு ஒடச்சோம்" என்றான் அறிவுச்செல்வன். "எத்தினி நாள் ஆனாலும் சரி. ஒடம்பு சரியில்லாதவரு பொழங்கற எடம். கதவு ஒரு விரல்ல தள்ளுனா தொறக்கணும்."

முதலில் பிளந்த பலகையை எடுத்துவிட்டு அளவு பார்த்துப் புதுத் துண்டு அடித்தான். அதுதான் நேரம் எடுத்தது. பிறகு கதவை முக்கால்வாசி சாத்தி, நிலைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தான். மேலே கட்டைவிரல் போகிற அளவுக்குச் சந்து இருந்தது. கீழே ஒரு காகிதம் நுழையவில்லை. கதவைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கி ஆட்டினான். மேல் கீல் கடக் கடக் என்றது.

"ரொம்ப நாளா தரையில உரசுச்சா?"

"டைல்ஸ் போட்டதுலேர்ந்து. தரை ஏறிப்போச்சி. மழ பேஞ்சா மரம் உப்பிக்குது. அடியில செதுக்கித்தான் ஆவணும்னு நெனச்சிக்கினு இருந்தன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா. மரம் நல்ல மரம். மேல் கீலுல ஸ்க்ரூ புடிப்பு வுட்டுடுச்சி. கதவு முன்னாடி தொங்கிப்போச்சி, அவ்ளோதான். அக்கா, அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

கண்ணகி தூக்கிப் பிடித்தாள். பிரவீன்குமார் பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றினான். விரலாலேயே வந்துவிட்டன. ஓட்டைகளில் பசை தடவி மரக்குச்சி அடித்து இறுக்கினான். நீளமான ஸ்க்ரூவாகப் பார்த்து எடுத்து மிஷினால் ஏற்றினான். கண்ணகி அவனுக்காகப் போட்டுவைத்த டீ இன்னும் சூடாக இருந்தது. அதை எடுத்துக் குடித்துக்கொண்டே கதவைத் தள்ளினான். சத்தமே இல்லாமல் போய்த் திரும்பி வந்தது.

"இவ்ளோதானா?" என்றான் அறிவுச்செல்வன்.

"இவ்ளோதாண்ணா."

"நானே பண்ணியிருக்கலாமா இத?"

"யார் வேணா பண்லாம். ஒரு திருப்புளி இருந்தா போதும்." டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அக்கா, நீங்க உள்ள போயிச் சாத்திக்கங்க. வெளிச்சம் எங்கெல்லாம் தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க. அந்த எடத்துக்கு ரப்பர் வச்சிடலாம்" என்றான்.

கண்ணகி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒருநாளும் நின்றதில்லை. இருட்டு. கயிற்றுக் கட்டில். ஆணியில் மாமனாரின் துண்டு. மேலேயும் பக்கத்திலும் வெளிச்சம் இல்லை. அடியில் மட்டும் ஒரு கோடு.

"எங்கக்கா தெரியுது?"

"கீழ மட்டும்."

"சரி, வண்டில ரப்பர் இருக்குது. எடுத்தாறன்." அவன் செருப்புச் சத்தம் தெருப்பக்கம் போனது. போகும்போதே போன் அடித்தது, பேசிக்கொண்டே போனான்.

வெளியே களத்தில் கோழி சீய்க்கிற சத்தம் கேட்டது. அய்யனார் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. எல்லாம் காதோரத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அறிவுச்செல்வன் உட்கார்வதும், நெற்றியில் அடித்துக்கொள்வதும் கேட்டது. "ஒரு ஸ்க்ரூ" என்று சொன்னான். "ஒரு ஸ்க்ரூக்கு எங்கப்பன வாரிக் குடுத்துட்டன்." அப்புறம் அவன் அழுகிற சத்தம். அவன் சத்தம் போட்டு அழுது அவள் கேட்டதில்லை. அவன் அம்மா செத்த அன்றைக்கும் இல்லை.

கண்ணகி கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க."

அழுகை நின்றது.

"நான் அன்னிக்குக் கொல்லிக்குப் போவல."

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இங்கதான் களத்துல இருந்தன். மாமா தட்டுனாரு. எனக்குக் கேட்டுச்சி."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சி. கொரலும் குடுத்தன். போவல. சோளம் நனைஞ்சிடும்னு படுதாவ இழுத்துக்கினு இருந்தன். மறுபடி மறுபடி தட்டுனாரு. கத்தினன் அவரப் பாத்து. அப்பறம் சத்தம் நின்னுபோச்சி."

"அப்பறம்?"

"மழ வந்துச்சி. நான் உள்ள போயிப் படுத்துட்டன். தூங்கிட்டன்."

கோழி சீய்த்துக்கொண்டிருந்தது. அவன் கதவைத் தள்ளினான். அது லேசாகத் திறந்துகொண்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இன்னான்னு கொரல் குடுத்த?"

கூடத்தில் படுத்திருந்த சின்னக்கண்ணு எதற்கோ அந்த ஒற்றைச் சொல்லால் கூப்பிட்டார். அறிவுச்செல்வன் அந்தப் பக்கம் திரும்பினான். பிறகு திரும்பி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். கை ஓங்குவான் என்று நினைத்து அவள் அசையாமல் நின்றாள். அவன் ஓங்கவில்லை.

பிரவீன்குமார் ரப்பர் சுருளோடு வந்துவிட்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகி வழி விட்டார்கள். அவன் குந்தி உட்கார்ந்து கதவின் அடியில் ரப்பரை ஒட்டிக்கொண்டே, போனில் யாரிடமோ தான் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். கிளம்பும்போது, "இனிமே பூரான்கூட உள்ள போவாதுக்கா" என்றான்.

அவன் போன கையோடு அறிவுச்செல்வனும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள்தான் வந்தான். வந்து அப்பாவைத் தூக்கிக் கோடி அறையில் படுக்க வைத்தான். அவளிடம் இரண்டொரு வார்த்தை தவிரப் பேச்சு இல்லை. சாப்பாட்டை அவளே போட்டாள், அவனும் சாப்பிட்டான். வார்த்தை இல்லாத அந்த வீட்டில் கிழவரின் "தோ வரன்" மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது வரும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

ஒருநாள் முகம் கழுவிக்கொண்டே சொன்னான். "அக்காகிட்ட சொல்லாத. தெரிஞ்சா ஊரையே கூட்டிடும்."

"சொல்லாங்காட்டி ஒங்களையேதான பேசுவாங்க."

"பேசட்டும். கதவுத் தப்பு எம்மேலதான. அது பொய்யில்லையே."

செந்தமிழ்ச்செல்வி வந்த அன்றைக்குப் பழுது பார்த்த கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்பப் பண்ணி இன்னாத்துக்குடா? மனுசன் கால் போனப்பறம் கதவு நடக்குது" என்றாள். அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணகி சொம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. நான் வூட்லதான் இருந்தன்."

முழுவதும் சொன்னாள். சோளத்தையும் சொன்னாள், தூங்கியதையும் சொன்னாள். செந்தமிழ்ச்செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கத்தியிருந்தால் கண்ணகிக்கு இலேசாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"ஒன்னப் பாவம்னு சொன்னனே" என்றாள். "என் வாயாலயே சொன்னனே."

அப்பாவைக் கையோடு அழைத்துப் போகிறேன் என்று போனை எடுத்தாள். காருக்குச் சொல்லப்போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் இருப்பது மாடியில் வாடகைக்கு. படுக்கையில் கிடக்கிற மாமியார் ஒருத்தி அங்கேயே இருக்கிறாள். அது மூன்று பேருக்கும் தெரியும். போனை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"வேற வழியில்லாமத்தான் ஒங்கிட்ட வுட்டுட்டுப் போறன். கேட்டுக்கினியா?"

"சரிங்கண்ணி."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அறிவுச்செல்வன் பஸ் ஏற்றிவிட அவள் பின்னால் போனான்.

கண்ணகி சாமைக் கஞ்சியைக் கரைத்து எடுத்துக்கொண்டு கோடி அறைக்குப் போனாள். கிழவர் விழித்துத்தான் இருந்தார். வாசலில் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். தலையணையை முட்டுக் கொடுத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். கழுத்தில் துண்டைச் செருகினாள். ஒரு கரண்டி எடுத்தவள் அதைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள்.

"மாமா. எல்லார்கிட்டயும் சொல்ட்டன். ஒங்ககிட்டதான் சொல்லல." அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது. "அன்னிக்கு நீங்க தட்டுனது எனக்குக் கேட்டுச்சி. வேணும்னுதான் வரல."

சின்னக்கண்ணு அவளைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட முகத்தில் கோபம் எது, துக்கம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடது கை போர்வையின்மேல் எழுந்தது. அவளைத் தள்ளத்தான் எழுந்ததா, தொடத்தான் எழுந்ததா என்று தெரியாமலே அவள் தன் முகத்தைக் கொண்டுபோய் அதற்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். கண்ணகி ஊட்டினாள்.